ஆச்சு என்று சொல்லும் வரை

கருப்பையனுக்கு முதலில் விழிப்பது கழுத்து. கண் திறக்கும் முன்பே அது எழுந்து உட்கார்ந்துகொள்ளும். இடது காதுக்குக் கீழே கிளம்பி, தோளுக்குள் இறங்கி, முழங்கையைச் சுற்றிக்கொண்டு, சுண்டுவிரலில் எறும்பாக ஊரும். மற்ற உடம்பு விழிப்பது அதற்குப் பிறகுதான்.

அன்று வேனில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனதால் வலி இரண்டு பங்காக இருந்தது. அவனால் தலையை மட்டும் திருப்ப முடியாது. ஆளே திரும்ப வேண்டும். அப்படித் திரும்பிப் பார்த்தபோது, ஜன்னலுக்கு வெளியே இல்லாத ஊர் ஒன்று நின்றது.

மண்டபத்தூர் கடற்கரையில் மணலும் சவுக்கும் கட்டுமரமும்தான் உண்டு. இப்போது அங்கே மஞ்சள் கல் மதில் ஓடியது. வளைந்த வாசல்கள், தட்டையான மாடிகள், பாதி கட்டிய கோபுரம். எங்கிருந்தோ புகை வந்து மதிலின் காலை மறைத்திருந்ததால், ஊர் முழுவதும் தரையில் ஊன்றாமல் மிதப்பதுபோல் இருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் கடல் ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது.

"என்னாங்க, வாயப் பொளந்துட்டு? எறங்குங்க, ராசா ஊரு வந்தாச்சு" என்று மனைவி தாமரைச்செல்வி அவன் முழங்காலைத் தட்டினாள். "எல்லாம் அட்டையும் தெர்மாகோலும். நேத்து வந்தவ சொன்னா, பின்னாடி போய்ப் பாத்தா வெறும் சவுக்குக் கம்பாம்."

குரும்பகரத்திலிருந்து அவர்கள் தெருவையே அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். ஏதோ வேதாகமக் காலத்துப் படம். கூட்டத்துக்கு ஆள் வேண்டும். கருப்பையன் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் காவல் பார்க்கிறவன். முகூர்த்தம் இல்லாத மாதம். சும்மா கிடக்கிற ஆளை அவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

உடை கொடுக்கிற இடத்தில் இரண்டு வரிசை. உதவி இயக்குநர் ரஞ்சித்குமார், சென்னைப் பையன், தொப்பியும் கையில் ஒலிபெருக்கியுமாக நின்று, வருகிறவர்களை ஒரு பார்வை பார்த்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஒதுக்கினான். குரும்பகரத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒரே பக்கம் விழுந்தார்கள். சாக்குத்துணியைக் கையில் கொடுத்து, "நீங்க அடிமைங்கண்ணா" என்றான்.

"மேக்கப்பு?" என்று கேட்டாள் தாமரைச்செல்வி.

"உங்களுக்கு வேணாங்க்கா. இப்படியே கரெக்டா இருக்கு."

அவள் சாக்கை உதறிப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீங்களா? நமக்கு மேக்கப்பே வேணாமாம். பொறக்கும்போதே போட்டு அனுப்பிட்டாங்க."

வரிசையில் சிரிப்பு ஓடியது. கருப்பையனும் சிரித்தான். அவன் சிரிக்கும்போது தலை இன்னும் கொஞ்சம் இடது தோளை நோக்கிச் சாயும். அந்தச் சாய்வைத் தூரத்தில் நாற்காலியில் இருந்த இயக்குநர் பார்த்துவிட்டார். நரைத்த தாடிக்காரர். எழுந்து வந்து, சந்தையில் மாடு பார்ப்பதுபோல் அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இந்தக் கழுத்து வேணும் எனக்கு. இவர்தான் கிழட்டு அடிமை" என்று ரஞ்சித்குமாரிடம் சொன்னார். பிறகு கருப்பையனிடம், "அப்படியே வச்சுக்கணும், என்ன? கேமரா ஓடும்போது நிமிரக் கூடாது."

"நிமிராதுங்க" என்றான் கருப்பையன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ரஞ்சித்குமார் கதையைச் சொன்னான். கொடுங்கோல் ராஜா ஒருத்தன் மதில் கட்டுகிறான். அடிமைகளைச் சவுக்கால் அடித்து வேலை வாங்கும் கங்காணி ஒருத்தன், அவன்தான் கதாநாயகன், ராஜாவின் கோபத்துக்கு ஆளாகி அவனே அடிமையாகிப் பள்ளத்தில் விழுகிறான். யார் முதுகை உரித்தானோ, அந்தக் கிழவன் சுமையோடு தடுக்கி விழும்போது ஓடிப்போய் அந்தச் சுமையை வாங்கிக்கொள்கிறான். கிழவன் தன் பங்கு ரொட்டியைப் பிட்டு அவனுக்குப் பாதி கொடுக்கிறான். அந்த இடத்தில் தியேட்டரே அழும்.

"அடிச்சவனுக்கா ரொட்டி?" என்றான் கருப்பையன்.

"ஆமாண்ணா. மன்னிக்கிறார்."

"எதுக்கு?"

ரஞ்சித்குமார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "எதுக்குன்னா... கதை அப்படிண்ணா."

"கதைய மாத்தச் சொல்லுங்க தம்பி. பசியில கெடக்குறவன் அடிச்சவனுக்குப் பாதி குடுக்க மாட்டான். கால்வாசி வேணா குடுப்பான், அதையும் தூக்கி எறிவான்."

இதற்கும் சிரிப்பு எழுந்தது. ஆனால் அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொல்லும்போதே அவன் பார்வை இரண்டாவது வரிசையில், பட்டு அங்கியும் தலைப்பாகையும் வாங்கிக்கொண்டு போகும் வியாபாரிகள் பக்கம் போய் நின்றுவிட்டது. காரைக்காலிலிருந்து தாடிக்காகவே பொறுக்கி வரவழைத்த ஆட்கள். அவர்களுக்கு நடுவில், போனைக் கொடுக்க மாட்டேன் என்று உடைக்காரனோடு வாதாடிக்கொண்டிருந்தான் தமீம் அன்சாரி.

தாடி நரைத்திருந்தது. தொப்பை விழுந்திருந்தது. ஆனால் அந்தக் கைகள் அதே கைகள்தான். உள்ளங்கை அகலம், விரல்கள் குட்டை.

ஒரு காலத்தில் காரைக்கால் அரிசி மண்டியில் கருப்பையனும் தமீம் அன்சாரியும் ஜோடி. மூட்டை தூக்குகிறவனுக்கு ஜோடி இல்லாமல் பிழைப்பு இல்லை. எவ்வளவு பலசாலியானாலும் நூறு கிலோ மூட்டையைத் தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்ள முடியாது. இன்னொருவன் பின்னால் நின்று தூக்கிவிட வேண்டும். அதற்குக் 'கை கொடுப்பது' என்று பெயர். அதில் சட்டம் உண்டு. கை கொடுப்பவன் மூட்டையை இரண்டு தட்டு தட்டுவான். பிடித்துவிட்டேன், எழுந்திரு என்று அர்த்தம். சுமப்பவன் எழுந்து, மூட்டை உச்சந்தலையில் உட்கார்ந்து, கழுத்துக்கு நேராக நின்றதும் "ஆச்சு" என்பான். அந்தச் சொல் வரும்வரை, வானமே இடிந்து விழுந்தாலும் கையை எடுக்கக் கூடாது. அடுத்த மூட்டைக்கு அவன் இவனுக்குக் கை கொடுப்பான். கை பாக்கி வைத்துக்கொண்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

தமீம் அன்சாரி ஒரே ஒருநாள் 'ஆச்சு'க்கு முன்னால் கையை எடுத்தான். சட்டைப்பையில் போன் அடித்தது. துபாய் விசாவுக்கு ஏஜென்ட் எந்த நேரமும் கூப்பிடலாம் என்றிருந்த நாள். ஒரு கையைத்தான் எடுத்தான். ஒரு கை போதும். மூட்டை சாய்ந்து, கருப்பையன் கழுத்தை ஓலை மட்டையை மடக்குவதுபோல் மடக்கிக்கொண்டு இறங்கியது.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரமே அன்சாரி விமானம் ஏறிவிட்டான். வந்து பார்க்கவில்லை. அவன் பெண்சாதி கமர் நிஷாதான் வந்தாள், அழுதாள், போனாள். பிறகு ஒவ்வொரு ரமலானுக்கும், மார்க்கெட்டுக்குப் போகிற தாமரைச்செல்வியிடம் ஒரு வாளி நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். கருப்பையன் அதைத் தொட்டதில்லை. "மாட்டுக்கு ஊத்து" என்பான். வீட்டில் மாடு கிடையாது.

இனி மூட்டை தூக்கினால் இடது கையே சுவாதீனம் இல்லாமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பாயப் பாத்தீங்களா?" என்று தாமரைச்செல்வி மெல்லக் கேட்டாள். "துபாய முடிச்சுக்கிட்டு வந்துட்டாவளாம். மவ இஃபாத்துக்கு ஆஸ்பத்திரியில பிரசவ வலி எடுத்துருக்கு. கமர் நிஷா கூட இருக்காவ. தகவலுக்குத்தான் போனக் கையிலேயே வச்சுருக்காராம்."

"நான் கேட்டனா?"

"நீங்க கேக்கல. நான் சொன்னேன்."

வெயில் ஏற ஏற அந்த ஊர் இன்னும் கனவுபோல் ஆனது. சும்மா நின்றால் எவனுக்கும் தான் யார் என்பது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகும் வெயில். புகை இயந்திரம் இருமி இருமிப் புகை விட்டது. சாக்கு கட்டியவர்கள் தானாகவே குனிந்து நடந்தார்கள். பட்டு போர்த்தியவர்கள் தானாகவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். சிலோன் காலனித் தெருவில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன் ஈட்டியோடு சிப்பாயாக நின்று, தன் சொந்த மச்சானையே "நகருடா" என்று அதட்டினான். மச்சானும் நகர்ந்தான்.

மதில் வேலைக் காட்சி ஆரம்பமானது. அடிமைகள் தெர்மாகோல் கற்களைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அப்போதுதான் கடல் காற்று திரும்பியது. முதலில் ஒரு கல் பறந்தது. பிறகு நான்கு கற்கள். பிறகு ராஜாவின் மதிலுக்கென்று செதுக்கி வைத்த கல் குவியலே எழுந்து, கொக்குக் கூட்டம் கிளம்புவதுபோல் கரைக்கு மேலே மிதந்து போனது. அடிமைகள் கற்களைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். சிப்பாய்கள் அடிமைகளைத் துரத்தினார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு கல் அலையில் இறங்கி ஆடிக்கொண்டே நாகூர்ப் பக்கம் போயிற்று.

இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "கல்லு வேணாம். மூட்டை. சாக்குல மண்ண ரொப்புங்க."

"எவ்வளவு சார்?"

"பறக்காத அளவுக்கு."

கடற்கரை மணல், அதுவும் அலை நனைத்த மணல், பார்வைக்குக் கொஞ்சம்தான். கட்டித் தூக்கினால்தான் தெரியும். ரொப்பியவர்கள் படக்காரர்கள். பாதி மூட்டைதானே என்று ரொப்பினார்கள். கருப்பையன் ஒரு சாக்கின் வயிற்றைப் புறங்கையால் தட்டினான். சத்தத்திலேயே எடை தெரிந்தது.

"தூக்கிடுவீங்களாண்ணா? இல்லன்னா வைக்கோல் போட்டுத் தர்றேன்" என்றான் ரஞ்சித்குமார். நல்ல பையன்தான்.

ஒரு சொல் சொல்லியிருந்தால் வைக்கோல் வந்திருக்கும். கருப்பையன் மூட்டையைப் பார்த்தான். மண்டியைவிட்டு வந்த பிறகு அவன் தலையில் ஒரு குடம் தண்ணீர்கூட ஏறியதில்லை. கல்யாண மண்டப வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பவன் அவன். எங்கேயாவது லாரியில் மூட்டை ஏற்றுவதைக் கண்டால், பசித்தவன் பந்தியைப் பார்ப்பதுபோல் நின்று பார்த்துவிட்டுப் போவான்.

"தூக்கிடுவேன் தம்பி" என்றான்.

தாமரைச்செல்வி வரிசையை விட்டு வந்துவிட்டாள். "என்னா தூக்கிடுவேன்? டாக்டரு சொன்னது மறந்துபோச்சா? கையி வெளங்காமப் போச்சுன்னா நாந்தான ஊட்டணும்?"

"சும்மா இரு. பத்து எட்டு நடந்து விழுவணும், அவ்வளவுதான். விழுவுறதுக்கு என்னா பலம் வேணும்?"

"விழுந்தா எந்திரிக்கப் பலம் வேணும்" என்றாள் அவள். ஆனால் ரஞ்சித்குமார் ஒலிபெருக்கியை எடுத்துவிட்டான். அவளை இடத்துக்குப் போகச் சொன்னான்.

கிழட்டு அடிமைக்குச் சுமை ஏற்றிவிட, இன்னொரு அடிமையாக உடற்பயிற்சிக் கூடத்தில் உடம்பு வளர்த்த ஓர் இளைஞன். புஜம் திரண்டிருந்தது. ஒத்திகையில் சாக்கின் வாயை ஒரு கையால் பிடித்துத் தூக்கினான், கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு. அந்தப் பிடி நிற்காது என்று கருப்பையனுக்குத் தெரிந்தது. அப்போதும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வைக்கோல் வந்துவிடும்.

புகை விட்டார்கள். எல்லாரும் அமைதியானார்கள். "ஆக்‌ஷன்" என்ற குரல் வெகுதூரத்திலிருந்து வந்தது.

கருப்பையன் குந்தினான். மூட்டை முதுகுக்குப் பின்னால் எழுந்தது, தலையைத் தொட்டது, உடனே இடதுபக்கம் சரிந்தது. இளைஞனின் மூச்சு பதறியது. கழுத்துக்குள் பழைய கதவு ஒன்று கிரீச்சென்று திறந்தது. அந்த நாள், அந்த மண்டி, அரிசித் தூசி, எல்லாம் அந்தக் கதவு வழியே வரத் தொடங்கின. இப்போது மடங்கும் என்று கண்ணை மூடினான்.

மடங்கவில்லை. மூட்டையில் இரண்டு தட்டு விழுந்தது.

முதல் தட்டு கனமாக, இரண்டாவது லேசாக. உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அப்படித் தட்டுவான். சரிந்த மூட்டை நேரானது. அகலமான இரண்டு உள்ளங்கைகள் அதன் அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தன. அவனால் திரும்பிப் பார்க்க முடியாது. பார்க்கத் தேவையும் இல்லை.

அவன் எழுந்தான்.  முட்டி சத்தம் போட்டது. எழுந்து நின்றுவிட்டான். மூட்டை உச்சந்தலையில் உட்கார்ந்தது.

இப்போது சொல்ல வேண்டும். அவன் சொல்லவில்லை.

ஓர் எட்டு வைத்தான். கைகளும் ஓர் எட்டு வந்தன. இன்னோர் எட்டு வைத்தான். பின்னால் பட்டு அங்கி மணலில் சரசரவென்று இழுபட்டது.

"கட்! கட்! யாருய்யா அந்த வியாபாரி? நெல்லு வியாபாரி எதுக்கு அடிமைக்கு மூட்டை ஏத்துறாரு?" என்று ஒலிபெருக்கி கத்தியது.

கருப்பையன் நிற்கவில்லை. அன்சாரியும் நிற்கவில்லை. எப்படி நிற்பான்? சொல் வரவில்லையே. ரஞ்சித்குமார் குறுக்கே வந்து கையை விரித்தான், மூட்டை வருகிற வேகத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டான். கேமராவைத் தாண்டினார்கள். விழ வேண்டிய இடத்தைத் தாண்டினார்கள். வளைவு வாசலுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தபோது ஊர் முடிந்துபோய், வெறும் சவுக்குக் கம்பும் ஆணியுமாக அதன் முதுகு தெரிந்தது. அதற்கப்புறம் திறந்த மணல், வெள்ளை வெயில், கடல்.

கருப்பையனுக்குக் கழுத்து வலிக்கவில்லை. எங்கே போயிற்று என்று தேடினான், காணவில்லை. பாதிக் கனத்தை அந்தக் கைகள் வாங்கிக்கொண்டிருந்தன. கால் மணலில் படுகிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. அவனுக்குள் ஒருத்தன் கறுவினான்: சொல்லாதே, கடலுக்குள்ளேயே இறங்கு, அப்போது எடுக்கிறானா பார்க்கலாம். இன்னொருத்தன் சொன்னான்: சொல்லாதே, சொன்னால் எடுத்துவிடுவான்.

அப்போது போன் அடித்தது.

பட்டு அங்கிக்குள்ளிருந்து அடித்தது. அதே போன் இல்லை, அதே மணியும் இல்லை. ஆனால் கருப்பையனின் கழுத்து நரம்பு அத்தனையும் அதே இடத்தில் இறுகி நின்றன. வந்துவிட்டது. இதோ ஒரு கை போகும். பல்லைக் கடித்துக்கொண்டான்.

போன் அடித்தது. கைகள் போகவில்லை. அவை நடுங்குவது மூட்டை வழியாக அவன் மண்டைக்குத் தெரிந்தது. மணி ஓய்ந்தது. மீண்டும் அடித்தது. பின்னால் அன்சாரி "யா ரப்பே, யா ரப்பே" என்று முணுமுணுத்துக்கொண்டே எட்டு வைத்தான். கைகள் இருந்த இடத்தில் இருந்தன.

கருப்பையனுக்கு இஃபாத் நினைவு வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அத்தாவுக்கு டிபன் கேரியர் எடுத்துக்கொண்டு மண்டிக்கு வருவாள். மூட்டை அடுக்கின் உச்சியில் உட்கார வேண்டும் என்று அடம்பிடிப்பாள். அத்தா திட்டுவான். "கருப்பு மாமா, ஏத்தி வுடு" என்று இவனிடம்தான் கையை நீட்டுவாள். இவன் அவளைத் தூக்கி உச்சியில் வைப்பான். வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் நிற்பான். அவள் ராணிபோல் சுற்றிலும் பார்த்துவிட்டு "ஆச்சு" என்பாள்.

அலை வந்து பாதத்தை நனைத்தது.

"ஆச்சு" என்றான் கருப்பையன்.

 கைகள் அசையவில்லை. அன்சாரி நம்பவில்லை போலிருக்கிறது.

"ஆச்சுன்னுட்டேன்ல. போன எடுறா, புள்ளைக்கு என்னாச்சுன்னு கேளு."

ஒரு கை நகர்ந்தது. தூங்குகிற குழந்தைக்கு அடியிலிருந்து கையை உருவுவதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு மற்றது. முழுக்கனமும் இறங்கி உட்கார்ந்தது. கழுத்து ஒரு முறை நெறிந்தது. நின்றது. மண்டிக்குப் பிறகு முதல் முறையாகத் தன் தலையில் ஒரு மூட்டையோடு, உதவி இல்லாமல், கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான் கருப்பையன். அலை வந்தது, போனது. பிறகு மூட்டையை முன்னால் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான். சுண்டுவிரலை மடக்கிப் பார்த்தான். மடங்கியது.

"பொம்புளப் புள்ளையாம்ண்ணே" என்றான் அன்சாரி. தலைப்பாகை அவிழ்ந்து கழுத்தில் தொங்கியது. கண்ணுக்கு இட்டிருந்த மை தாடிக்குள் வழிந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! தாயும் புள்ளையும் நல்லா இக்கிறாங்களாம்."

"யாரு சாடை?"

"தெரியலையே, கேக்கலையே."

"கேக்காம வச்சுட்டியா? மடையன். மறுபடி போடு."

அதற்குள் இயக்குநரும் பின்னாலேயே பாதிப் படப்பிடிப்புக் குழுவும் வந்து சேர்ந்தார்கள். இயக்குநருக்கு மூச்சு வாங்கியது. "ராஜா காலத்துல எவனுக்குய்யா போன் வந்துச்சு?" என்று கத்தினார்.  அவர் சூரியனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அன்சாரியின் கைகளைப் பார்த்தார். இப்போது நடந்து முடிந்தது எதுவும் படத்தில் வராது. எடுத்தவரை எல்லாம் குப்பைதான். ஆனால் அவருக்கும் தொழில் தெரியும். "அந்தப் பட்டக் கழட்டுங்க. இவருக்குச் சாக்கக் குடுங்க. இவரே தூக்கி விடட்டும்."

தாமரைச்செல்வி ஓடி வந்து புருஷனின் கழுத்தையும் கையையும் கோழி பிடித்துப் பார்ப்பதுபோல் தடவிப் பார்த்தாள். திட்ட வேண்டியதையெல்லாம் திட்டித் தீர்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்த பிறகு அன்சாரியைப் பார்த்தாள்.

"வாங்க பாய். காலையில வியாபாரி, மத்தியானம் அடிமை. நாங்க தலைமுறை தலைமுறையா இருந்து வாங்குன பதவி, ஒங்களுக்கு அரை நாள்ல கெடச்சுட்டு."

"ஆமா மதினி. சாக்கு நல்லா காத்தோட்டமாத்தான் இக்கிது" என்றான் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அடுத்த முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அன்சாரி இரண்டு தட்டுத் தட்டினான். கருப்பையன் எழுந்தான், "ஆச்சு" என்றான், பத்து எட்டு நடந்தான், விழச் சொன்ன இடத்தில் விழுந்தான். அந்தச் சொல் என்ன என்று ஒலிப்பதிவுக்காரர் கேட்டார். பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கதாநாயகன் ஓடி வந்து மூட்டையைத் தூக்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டான். அதற்குள் மூட்டையை மாற்றியிருந்தார்கள். கதாநாயகனுக்கு வைக்கோல்.

பிறகு ரொட்டி. காரைக்கால் பேக்கரியில் நீளமாக வாங்கி, பழசாகத் தெரிய மேலே ஏதோ வர்ணம் அடித்திருந்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிட்டுவிட்டான் கருப்பையன். கதாநாயகன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். புகைக்கு நடுவில், கூலிக்கு வந்த கூட்டம் சும்மா நிற்க வேண்டிய இடத்தில், யார் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சிப்பாயாக நின்ற பஞ்சர்க்காரன் ஈட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். ஒரே முறையில் சரியாகிவிட்டது. "அண்ணா, எறிவேன்னு சொன்னீங்க?" என்றான் ரஞ்சித்குமார்.

"அது காலையில சொன்னது தம்பி."

கையில் மிஞ்சிய துண்டைக் கொண்டுபோய் அன்சாரியிடம் நீட்டினான். அன்சாரி திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பெயிண்டுண்ணே. இதத் தின்னா பேத்தி மொகம் பாக்காமப் போய்ச் சேந்துடுவேன்."

"தின்ன வேணாம். சும்மா வச்சுக்க."

பொழுது சாய்ந்தபோது அடிமைகளும் வியாபாரிகளும் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரே டீ டிரம்மைச் சுற்றி நின்றார்கள். மஞ்சள் மதில் சிவப்பாகி, வெளுத்து, அட்டையாகிக்கொண்டிருந்தது. அன்சாரி வயிற்றை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தபடி சவுக்கடியில் உட்கார்ந்திருந்தான்.

"என்னாடா வயித்துல?"

"கொடலெறக்கம். துபாயில வல வச்சுத் தச்சாங்க. கனம் தூக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

கருப்பையனுக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்புறம் எந்த மயித்துக்குடா வந்து கை வச்ச?"

"நான் எங்கண்ணே வச்சேன். அந்தத் தம்பி புடிச்ச புடியப் பாத்தேன், கையி அதுவா போச்சு." அவன் டீயைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அண்ணே, அன்னிக்கு மண்டியில..."

"தெரியும். வுடு. டீயக் குடி."

அன்சாரி ஒரு மிடறு குடித்தான்.

"கமர் குடுத்துவுட்ட கஞ்சியாவது குடிச்சியாண்ணே?"

"மாடு குடிச்சுது."

"ஒன்கிட்ட ஏது மாடு?"

"நாந்தான் அந்த மாடு" என்றாள் தாமரைச்செல்வி. "வருசா வருசம் குடிச்சேன். எலும்பு போட்ட கஞ்சிய எந்த மாடு பாய் வேணாங்கும்?"

அன்சாரி சிரித்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தான். பிறகு சிரிப்பு ஓய்ந்ததும் சொன்னான்: "ஒங்களுக்கு நான் பட்ட கடன அல்லாதான் தீக்கணும்."

"அது வேற" என்றான் கருப்பையன். "அத நீயும் ஒங்க அல்லாவும் பேசிக்குங்க. கை கணக்கு வேற. அன்னிக்கு மண்டியில எனக்குக் கை குடுத்தது நீ. அடுத்த மூட்டைக்கு ஒனக்கு நான் குடுத்துருக்கணும். என்னத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அது அப்படியே நிக்குது. இன்னைக்கு ஒண்ணு."

"இன்னைக்கு ரெண்டு. கடலுக்குப் போனது ஒண்ணு, படத்துக்கு ஒண்ணு."

"படத்துக்குக் குடுத்தது கூலிக்கு. அது சேராது" என்று தீர்ப்புச் சொன்னாள் தாமரைச்செல்வி.

"அப்ப ரெண்டு" என்றான் கருப்பையன்.

"இனிமே நான் எந்த மூட்டைய சொமக்கப்போறேன், நீ கை குடுக்க?"

 வேன்காரன் ஹாரன் அடித்தான். கருப்பையன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆளையே திருப்பிப் பார்த்தான். புகை இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் கடலிலிருந்து வந்த ஈரம் அந்த ஊரின் காலை மறுபடி மறைத்திருந்தது. வாசலடியில் ஒருத்தன் ரொட்டித் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான், யார் சாடை என்று.

கழுத்து மெல்ல வலிக்கத் தொடங்கியது.

கருப்பையன் தமீம் அன்சாரிக்கு இரண்டு கை பாக்கி. மண்டியில் ஒன்று, மண்டபத்தூரில் ஒன்று. இன்னும் கொடுக்கவில்லை.